நூலும் விலையும் – 17: ஏறுகிற ஏலம், இறங்குகிற ஏலம்

முப்பது ஆண்டுகள் உலக ஆடை வணிகத்தைக் கட்டிப்போட்டிருந்த கோட்டா முறை 2004 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்ததைச் சென்ற பகுதியில் பார்த்தோம். இனி எத்தனை லட்சம் பீஸ் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று திருப்பூர் புதிய கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருந்தது. அதே 2004-ல் பனியன் தொழிலோடு தொடர்பில்லாதவை போலத் தோன்றிய வேறு செய்திகளும் வந்தன. ஜனவரியில், அமெரிக்காவின் அரிபா நிறுவனம் ஃப்ரீமார்க்கெட்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தை வாங்கப்போவதாக அறிவித்தது. ஜூனில், மும்பையிலிருந்து நடந்த பாஸீ டாட் காம் என்ற இணைய ஏலத் தளத்தைச் சுமார் 5 கோடி டாலருக்கு ஈபே வாங்கியது. இரண்டுமே ஏலத்தைத் தொழிலாகக் கொண்டவை. பாஸீயில் பொருளின் விலை ஏறும். ஃப்ரீமார்க்கெட்ஸில் இறங்கும். இந்த இரண்டில் திருப்பூரின் தலையெழுத்தைத் தொட்டது எது என்பதைப் புரிந்துகொள்ள, எழுபது ஆண்டு பின்னால் போய்ப் பருத்திச் சந்தையில் நிற்க வேண்டும்.

பனியனுக்கு முன்பே ஏலம் பார்த்த ஊர் திருப்பூர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி கோவை மாவட்டத்துத் தோட்டங்களில் பரவியது. கிணற்றுப் பாசனத்துக்கு நன்றாக விளைந்தது, இழை நீளம், விலையும் உண்டு. ரயில் வசதி இருந்ததால் திருப்பூரில் ஜின்னிங் ஃபேக்டரிகள் பெருகின. பல்லடம், அவிநாசி, தாராபுரம் பக்கத்து விவசாயிகள் வண்டி கட்டிப் பருத்தியை இங்கே கொண்டுவந்தார்கள். ஆனால் வண்டியைவிட்டு இறக்கிய கணமே அது அவர்கள் கையைவிட்டுப் போய்விட்டது. தரகு, மகமை, எடைக் கழிவு, மாதிரிக்கு அள்ளியது என்று ஒவ்வொருவரும் ஒரு பிடி எடுத்தார்கள். விலை பேசுவதோ துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து. கொங்கு நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் பேசும் முறைதான் இது. இரண்டு வியாபாரிகளின் கைகள் துண்டுக்குள் பேசிக்கொள்ளும். விளைவித்தவன் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்தக் கேடுகளையெல்லாம் லின்லித்கோ தலைமையிலான ராயல் வேளாண் கமிஷன் 1928-ல் வெளியிட்ட அறிக்கை எடுத்துச் சொன்னது. 1933-ல் சென்னை மாகாண அரசு வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின்கீழ் மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-ல் அமைந்த இடம் திருப்பூர். பருத்திக்காகவே அமைந்தது. பனியன் நகரம், டாலர் நகரம் என்றெல்லாம் இந்த ஊருக்குப் பட்டம் கொடுக்கிறோம். மாகாணத்துக்கே முன்னோடியாக விவசாயிக்கு நியாயமான ஏலம் நடத்திக்காட்டிய ஊர் என்ற பெருமையை ஏனோ யாரும் சொல்வதில்லை.

அங்கே கையாளப்படும் முறைக்கு மறைமுக ஏலம் என்று பெயர். இன்றைக்கும் மூலனூரில், அவிநாசியில் பருத்தி ஏல நாளன்று போனால் அதன் சாரத்தைப் பார்க்கலாம். விவசாயி கொண்டுவந்த மூட்டைகளை எடை போட்டு, குவியலுக்கு ஓர் எண் கொடுத்துவிடுவார்கள். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலாகப் போய்ப் பஞ்சைக் கையில் எடுத்துப் பிரித்து, இழையை இழுத்துப் பார்த்து, ஈரம் பார்த்து, தாங்கள் கொடுக்கக்கூடிய விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பக்கத்திலிருப்பவர் எழுதியது யாருக்கும் தெரியாது. நேரம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து, குவியலுக்குக் குவியல் அதிக விலையை அறிவிப்பார்கள். ஆர்சிஎச் ரகத்துக்கு இவ்வளவு, டிசிஎச் ரகத்துக்கு இவ்வளவு, கொட்டு ரகத்துக்கு இவ்வளவு என்று மறுநாள் செய்தித்தாளில் வரும். அறிவித்த விலை பிடிக்கவில்லை என்றால், “கட்டுபடியாகாதுங்க” என்று விவசாயி மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏலத்தின் உயிரே அந்த உரிமையில்தான் இருக்கிறது. எடை போடுகிறவர் வாங்குகிறவரும் அல்ல, விற்கிறவரும் அல்ல. வாங்குகிறவர்கள் தங்களுக்குள் கண்ஜாடை காட்டிக்கொள்ள முடியாது. பொருளுக்கு உரியவர் வேண்டாம் என்று சொல்லலாம். இந்தக் கூடங்கள் எல்லாக் காலத்திலும் ஒழுங்காக நடந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏலம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த மண்ணிலேயே ஓர் அளவுகோல் இருந்தது. 2004-ல் வந்ததை அந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

இணைய ஏலத்தின் கதை 1995 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. பியர் ஓமிட்யார் என்ற மென்பொருள் பொறியாளர் ஆக்‌ஷன்வெப் என்ற பெயரில் ஒரு தளத்தைத் திறந்தார். பின்னாளில் ஈபே ஆனது அதுதான். முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் பாயின்ட்டர். 14 டாலர் 83 சென்ட்டுக்குப் போனது. ஊருக்குள் ஒருவரும் தொடாத பொருளுக்கும், உலகம் முழுவதும் கூவினால் எங்கோ ஒருவர் விலை சொல்வார் என்று அது காட்டியது. பழைய நாணயம், தபால்தலை, பொம்மை, கிராமபோன் தட்டு விற்றே பல குடும்பங்கள் பிழைத்தன. 2000-ஆம் ஆண்டில் ஹார்வர்டில் ஒன்றாகப் படித்த அவ்னிஷ் பஜாஜ், சுவிர் சுஜன் இருவரும் அதே எண்ணத்தில் இந்தியாவில் தொடங்கியதுதான் பாஸீ.

திருப்பூரில் அப்போது விற்க ஆள் தேடிக்கொண்டிருந்த சரக்குக்குப் பஞ்சமே இல்லை. ஏற்றுமதி ஆர்டர் எடுத்தால், செக்கிங்கில் கழிவது போக எண்ணிக்கை குறையக்கூடாது என்று நூறு பீஸுக்கு மூன்று, ஐந்து என்று கூடுதலாக வெட்டுவது வழக்கம். ஷேடு மாறியது, கப்பலைத் தவறவிட்டது, பையர் கேன்சல் செய்தது என்று இன்னொரு பக்கம் குவியும். எல்லாம் கடைசியில் வந்துசேரும் இடம் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள காதர்பேட்டை. லேபிளை வெட்டிவிட்டு, செகண்ட்ஸ் தனியாக, நல்ல பீஸ் தனியாகப் பிரித்து, லாட் லாட்டாகப் போகும். வடநாட்டு வியாபாரி வருவார், நைஜீரியாவிலிருந்து வருவார், மூட்டை கட்டிக்கொண்டு போவார். லாட்டுக்கு விலை பேசுகிற இடத்தில் ஒரு சட்டையின் தனி விலைக்கு மதிப்பில்லை. ஐரோப்பியக் கடையில் பல யூரோவுக்குத் தொங்கவேண்டிய சட்டை, பெரிய சைஸ் என்பதற்காகவே இங்கே கழிவு விலைக்குப் போகும்.

அப்படியானால் அந்தச் சட்டையை ஒற்றை ஒற்றையாக இணையத்தில் ஏலம் விடலாமே என்ற எண்ணம் யாருக்கும் வரும். கம்ப்யூட்டரும் டிஜிட்டல் கேமராவும் இருந்தால் போதும், கடை வாடகை கிடையாது, தரகர் கிடையாது. பணம் கொடுத்தவர் ஏமாறாமலும் பொருள் அனுப்பியவர் ஏமாறாமலும் இருக்க, பொருள் சேரும்வரை பணத்தைத் தளமே பிடித்துவைக்கும் பைசாபே என்ற ஏற்பாட்டையும் பாஸீ கொண்டுவந்தது. முகம் தெரியாதவரிடம் வாங்கப் பயந்த நாட்டில் அது பெரிய காரியம்.

ஆனாலும் பனியனில் இந்த ஏலம் பெரும் பிழைப்பாக வேர்பிடிக்கவில்லை. கூரியர் செலவு ஒரு காரணம். மலிவான டி-ஷர்ட்டுக்கு அதன் விலையில் பெரும்பகுதியை அனுப்புகிற செலவே தின்றுவிடும். ஆழமான காரணம் வேறு. அரிதாக இருப்பது எதுவோ அதற்குத்தான் ஏலம் ஏறும். கிராமபோன் தட்டு ஒன்றுதான் இருக்கிறது, வேண்டியவர் நான்கு பேர், விலை ஏறுகிறது. ஒரே டிசைனில் ஆயிரம் சட்டை கிடக்கிறது என்று தெரிந்தால் எவர் போட்டி போடுவார்? இன்று தவறினால் நாளை இன்னொன்று வரும் என்று காத்திருப்பார். உலக அளவிலேயே ஈபேயில் நிலையான விலைக்கு விற்பது மெல்ல மெல்ல ஏலத்தை ஓரம் தள்ளியது. உடனே வாங்கிக்கொள்ளும் பொத்தானை அது 2000-லேயே வைத்துவிட்டது.

பாஸீயின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தளத்தில் ஒருவர் ஆபாசக் காட்சி ஒன்றை விற்பனைக்கு வைத்ததற்காக 2004 டிசம்பர் 17-ல் அவ்னிஷ் பஜாஜைத் தில்லி போலீஸ் கைது செய்தது. பிறர் வைக்கும் சரக்குக்குத் தளத்தை நடத்துகிறவர் எவ்வளவு பொறுப்பு என்ற கேள்வியை நாடு முழுவதும் கேட்கவைத்த வழக்கு அது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2008 திருத்தத்தில் அதன் நிழல் உண்டு. பாஸீ ஈபே இந்தியா ஆனது. 2017-ல் ஃபிளிப்கார்ட் கைக்குப் போனது. 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது.

அரிதானதற்குத்தான் ஏலம் ஏறும் என்றேன். திருப்பூரில் துணி அரிதல்ல, ஆள் அரிதல்ல, மெஷின் அரிதல்ல. அரிதாக இருந்த ஒரே பொருள் ஆர்டர். அதைக் கண்டுகொண்டவர்கள் வாங்குகிறவர்கள்தான்.

ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்த கிளென் மீக்கம், 1995-ல் பிட்ஸ்பர்க்கில் ஃப்ரீமார்க்கெட்ஸைத் தொடங்கினார். ஈபே பிறந்த அதே ஆண்டு. ஏலத்தை அவர் தலைகீழாகப் புரட்டினார். பொருளை வைத்து வாங்குகிறவர்களைப் போட்டி போட விடுவதற்குப் பதில், ஆர்டரை வைத்து விற்கிறவர்களைப் போட்டி போட விட்டார். இயந்திர உதிரிபாகங்களில் தொடங்கியது சில்லறை வணிகத்துக்கும் வந்தது. 2000 பிப்ரவரியில் சியர்ஸும் கார்ஃபோரும் சேர்ந்து குளோபல்நெட்எக்ஸ்சேஞ்ச் என்ற இணையச் சந்தையை அறிவித்தன. அடுத்த மாதமே டெஸ்கோ, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், கேமார்ட், டார்கெட், ஓஷான் முதலியவை வேர்ல்டுவைட் ரீடெய்ல் எக்ஸ்சேஞ்சைத் தொடங்கின. 2005-ல் இரண்டும் ஒன்றாகி அஜென்ட்ரிக்ஸ் ஆயின. உலகத்தின் பெரிய கடைகள் கொள்முதலுக்காக ஒரே கூடத்தில் கூடிய காலம் அது.

இறங்கு ஏலம் இப்படி நடக்கும். சட்டையின் டெக்பேக் முன்கூட்டியே வரும்: 30-ஆம் நம்பர் நூல், இத்தனை ஜிஎஸ்எம், இன்ன பிரிண்ட், இத்தனை லட்சம் பீஸ், கப்பல் ஏறும் நாள். கலந்துகொள்ளலாம் என்று தேர்ந்தெடுத்த ஃபேக்டரிகளுக்குக் கடவுச்சொல் வரும். குறித்த நேரத்தில் எல்லாரும் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும். திருப்பூரில் ஒருவர், டாக்காவில் ஒருவர், சீனாவில் ஒருவர். யார் யார் என்று தெரியாது. திரையில் தெரிவது தன் இடம் மட்டும்: முதலாவது, மூன்றாவது, ஏழாவது. ஐந்து சென்ட் இறக்கினால் முதலாவது. அடுத்த நிமிடம் யாரோ மூன்று சென்ட் இறக்க, மறுபடி இரண்டாவது. முடிகிற நேரத்தில் ஒருவர் விலை போட்டால் கடிகாரம் சில நிமிடம் தானாக நீளும். மெர்ச்சண்டைசர் பக்கத்தில் கால்குலேட்டரோடு நிற்பார். நூல், நிட்டிங், சாயம், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று பைசா பைசாவாகப் போட்ட கோஸ்டிங் தாள் மேசையில் கிடக்கும். ஏலம் போகிற வேகத்தில் அந்தத் தாளைத் திரும்பிப் பார்க்க நேரமிருக்காது.

1936-ன் கூடத்தில் பெட்டிக்குள் போன சீட்டு வாங்குகிறவர்களின் கூட்டைத் தடுத்து விற்கிறவரைக் காத்தது. இங்கேயும் முகம் மறைவுதான். ஆனால் அந்த மறைவு காப்பது வாங்குகிறவரை. முதலிடத்துக்கு வந்தவருக்கே ஆர்டர் கொடுக்க வேண்டும் என்று பையருக்குக் கட்டாயமில்லை, அங்கே கிடைத்த விலையைக் காட்டித் தன் பழைய சப்ளையரிடமே, “இந்த விலைக்குச் செய்வாயா?” என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஃபேக்டரிக்கும் உண்டுதான். பருத்தி மூட்டையை வீட்டுக்கு எடுத்துப்போனால் அடுத்த வாரம்வரை அது மூட்டையாகவே இருக்கும். ஆர்டர் இல்லாத ஃபேக்டரியில் வாடகையும் வங்கி வட்டியும் அடுத்த வாரம்வரை காத்திருக்காது. அதனால்தான் நஷ்டம் என்று தெரிந்தே ஆர்டர் எடுக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது முட்டாள்தனமாகத் தெரியலாம். மெஷினை நிறுத்தினால் ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விடும், போன ஆள் திரும்ப வராது என்ற பயம் உள்ளே இருக்கிறவருக்குத்தான் தெரியும்.

ஐந்து சென்ட் என்பது அன்றைய மாற்று விலையில் இரண்டேகால் ரூபாய். ஒரு லட்சம் பீஸுக்கு இரண்டேகால் லட்சம். 2007-ல் டாலர் மதிப்பு சுமார் 44 ரூபாயிலிருந்து 39-க்கு இறங்கியபோது, 2 டாலர் சட்டைக்கு 88 ரூபாய் வந்த இடத்தில் 78 வந்தது. ஏலத்தில் சென்ட் சென்ட்டாக விட்டுக்கொடுத்தவருக்கு மிச்சமிருந்ததும் அங்கே போயிற்று. ஏற்றுமதிக்காக அரசு திருப்பித் தரும் வரியான டியூட்டி டிராபேக்தான் லாபம் என்ற பேச்சு திருப்பூரில் எழுந்தது வீணாக அல்ல.

இன்னொரு முனையிலும் ஏலம்தான். தமிழக மில்களுக்கு ஆண்டுக்கு ஒரு கோடிப் பேலுக்கு மேல் பஞ்சு வேண்டும். மாநிலத்தில் விளைவதோ சில லட்சம். குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவை நம்பித்தான் ஓடுகின்றன. 1970-ல் தொடங்கிய இந்தியப் பருத்திக் கழகம் விவசாயியிடம் ஆதரவு விலைக்கு வாங்கிய பேல்களை இப்போது இணைய ஏலத்தில் விற்கிறது. மில்களுக்குத் தனி நேரம், வியாபாரிகளுக்குத் தனி நேரம். வியாபாரிகள் மொத்தமாக எடுத்துப் பதுக்கிவிடுகிறார்கள், சிறிய மில்களுக்குக் கிடைப்பதில்லை என்ற முறையீடு ஆண்டுதோறும் எழுகிறது. 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, நூல் விலை தாங்காமல் மே 16, 17 இரண்டு நாள் திருப்பூர் தொழிலை நிறுத்தியது. 150 கிராம் சட்டை என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ நூலில் ஆறு சட்டைக்கு மேல் வராது. கிலோவுக்கு 30 ரூபாய் ஏறினால் சட்டைக்கு ஐந்து ரூபாய் கூடும். அந்த ஐந்து ரூபாயைக் கூட்டித் தரும்படி, ஆர்டரை இறங்கு ஏலத்தில் கொடுத்த பையரிடம் கேட்க வழியில்லை.

பஞ்சு முனையில் ஏறுகிற ஏலம், ஆர்டர் முனையில் இறங்குகிற ஏலம். நடுவில் கோஸ்டிங் தாளில் அசைக்கக்கூடியதாக மிஞ்சுவது தையல் கூலி ஒன்றுதான். பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் அக்காவும், செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணும் எந்த ஏலத்திலும் விலை சொன்னவர்கள் அல்ல. 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய உரிமை இந்த ஊர்த் தொழிலாளர்களுடையது. முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசிப் போடும் கூலி ஒப்பந்தம்தான் அதற்குக் காப்பு. திரையில் நிமிடத்துக்கு நிமிடம் விழும் விலை, பல ஆண்டுகளுக்குப் போட்ட அந்த ஒப்பந்தத்தைப் பின்பக்கமாக அரிக்கிறது: கூலியைக் குறைக்காமல் வேலையை ஜாப் ஒர்க்குக்குத் தள்ளிவிடுவது, கான்ட்ராக்டில் விடுவது, வெளிமாநிலத்திலிருந்து ஆள் இறக்குவது. கடைகள் விலையிலும் நாளிலும் கொடுக்கும் நெருக்கடி கடைசியில் பெண் தொழிலாளிகளின் தலையில்தான் இறங்குகிறது என்று ஆக்ஸ்ஃபாம் 2004-லேயே உலகளாவிய அறிக்கை வெளியிட்டிருந்தது.

இறங்கு ஏலத்தைச் சட்டத்தால் கட்ட முடியாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி. உணவுப் பொருள் கொள்முதலில், ஒரு சுற்று முடிந்த விலையிலிருந்தே அடுத்த சுற்றைத் தொடங்கும் இரட்டை இறங்கு ஏலத்தை இத்தாலி 2021-ல் தடை செய்தது. தக்காளி விவசாயிகள் நசுங்குவதைப் பார்த்துச் செய்த காரியம். 1978-ல் திருப்பூருக்குத் தேடிவந்து வெள்ளை டி-ஷர்ட் வாங்கிய வெரோனா என்ற வணிகரும் இத்தாலிக்காரர்தான். அவர் நாட்டுச் சட்டம் தக்காளியைக் காத்தது, சட்டையைத் தொடவில்லை.

திருப்பூர் கண்ட இன்னோர் இணைய ஏலம் மிச்சமிருக்கிறது. கடன் தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், பிறகு கையகப்படுத்தல், பிறகு விற்பனை அறிவிப்பு இரண்டு செய்தித்தாள்களில். அதில் ஒன்று தமிழில். இடத்தின் சர்வே எண், கட்டடத்தின் சதுர அடி, ஜாமீன் போட்டவர்களின் பெயர், குறைந்தபட்ச விலை எல்லாம் பொடி எழுத்தில் வரும். ஏலம் எடுத்தவர் கால் பங்கை உடனே கட்டி, மீதியைப் பதினைந்து நாளில் கட்ட வேண்டும். இந்த ஏலத்தில் விலை ஏறத்தான் செய்யும். ஆனால் விற்பவர் வங்கி. வாழ்நாளெல்லாம் உழைத்து அந்தக் கட்டடத்தை எழுப்பியவருக்கு, விலை போதாது என்று மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்ட பருத்தி விவசாயிக்கு இருந்த உரிமைகூட இல்லை.

அந்த அறிவிப்புகளுக்குப் பின்னால் ஆர்டர் விலை மட்டும் இல்லை. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூரின் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் ஒரேயடியாக மூடப்பட்டன. வழக்குப் போட்டவர்கள் நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள். அவர்களுடைய நிலத்துக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் என்ன நேர்ந்தது என்பதிலிருந்து அடுத்த பகுதி தொடங்கும்.